பொய் வார்னிங் எது, மெய் வார்னிங் எது: டிரைவர் கோடுக்கான நான்கு கருவிகள் ஒரு மதிப்பீடு

லினக்ஸ் கர்னலுக்கு டிரைவர் எழுதுபவர்கள் கையில் இன்று நான்கு கருவிகள் இருக்கின்றன: ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்கள், கோடை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் ஸ்பார்ஸ், ஸ்மாட்ச். நான்கும் இலவசம், நான்கும் திறந்த மூலம். எது அதிகம் பிழை பிடிக்கிறது என்று ஒப்பிடும் கட்டுரைகள் நிறைய உண்டு. இங்கே கேள்வி வேறு. எந்தக் கருவி எந்த இடத்தில் இல்லாத பிழையைச் சொல்கிறது, ஏன் சொல்கிறது, கோடைக் (நிரலைக்) கெடுக்காமல் அதை எப்படி அடக்குவது?

ஐந்தாவதாக ஒரு "கருவி"யும் புழக்கத்தில் இருக்கிறது. மாறியை அறிவிக்கும் வரியிலேயே "= 0" என்று போட்டுவிடுவது. மதிப்பு வைக்காத மாறி என்ற வார்னிங் போய்விடும், பேட்ச் ஒரே வரி, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கருவிகளை ஒரே அடியில் ஊமையாக்கும் வழியும் இதுதான். நாளை யாராவது அந்த ஃபங்ஷனில் ஒரு புதுக் கிளை சேர்த்து அதில் மதிப்பு வைக்க மறந்தால், சொல்ல ஆளில்லை. அந்த 0 நேராக ஒரு ரெஜிஸ்டருக்குள் போய் உட்காரும். பவர் ரெகுலேட்டர் டிரைவரில் 0 என்பது பெரும்பாலும் ஒரு சரியான மின்னழுத்தத் தேர்வாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜிசிசி

முதலில் இதன் இயல்பு. "மேபி-அன்இனிஷியலைஸ்டு" வார்னிங்கை, அதாவது மாறி மதிப்பு வைக்கப்படாமலே பயன்படலாம் என்பதை, ஜிசிசி தன் ஆப்டிமைசேஷன் கட்டங்களின் நடுவே கணக்கிடுகிறது. இன்லைன் (ஃபங்ஷனை அழைத்த இடத்திலேயே விரித்துவைப்பது) எல்லாம் முடிந்து, கிளைகள் மடக்கப்பட்டு, எஞ்சிய வடிவத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது. அதனால் ஒரே கோடு ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் அமைதியாக இருந்துவிட்டு ஓஎஸ் என்ற நிலையில் கத்தும். கேசான், யூபிசான், ஜிகாவ் போன்ற கண்காணிப்பு கோடு உள்ளே நுழைந்தால் கிளைகளின் வடிவம் மாறி, நேற்று இல்லாத வார்னிங் இன்று வரும். ஜிசிசி 10 வெளியான சமயத்தில் இந்தத் தொல்லை எல்லை மீறியது. 2020 மே மாதம், கர்னலின் 5.7 பதிப்புக்கான வேலையின்போது லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த வார்னிங்கை வழக்கமான கட்டுமானத்திலிருந்தே எடுத்துவிட்டார். இப்போது மேக் கட்டளையில் டபிள்யூ=2 (கூடுதல் வார்னிங் நிலை) கொடுத்தால்தான் தலைகாட்டும்.

எடுத்தது சரியா? அன்றாட வேலைக்குச் சரி. ஆனால் டிரைவரை அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது டபிள்யூ=2 போட்டு உங்கள் அடைவை மட்டும் கட்டிப் பார்ப்பது நல்லது. வரும் குப்பையில் பாதிக்குமேல் ஹெடர் கோப்புகளிலிருந்து வருவது. உங்கள் கோப்பின் பெயர் உள்ள வரிகளை மட்டும் கிரெப் செய்து படித்தால் போதும்.

அப்படிப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பொய் ஒன்று உண்டு. ஃபங்ஷனுக்கு "லாக் எடுக்கவேண்டுமா" என்று ஒரு பூலியன் வரும். ஆம் என்றால் ஸ்பின்_லாக்_ஐஆர்கியூசேவ் அழைத்து ஃபிளாக்ஸ் மாறியில் இன்டரப்ட் நிலையைச் சேமிப்பார்கள். நடுவில் இருபது வரி வேலை. கடைசியில் அதே பூலியனைப் பார்த்து ஐஆர்கியூரிஸ்டோர். படிக்கிற மனிதருக்கு இரண்டு நிபந்தனையும் ஒன்றேதான். ஜிசிசிக்கு நடுவில் ஒரு வெளி ஃபங்ஷன் அழைப்போ, பூலியன் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள் இருப்பதோ போதும், "இடையில் மாறியிருக்கலாமே" என்று சந்தேகம் வந்துவிடும். ஃபிளாக்ஸ் துவக்கப்படாமல் பயன்படலாம் என்று எழுதிவிடும்.

இங்கே ஃபிளாக்ஸ் = 0 போடுவது மோசமான தீர்வு. உண்மையில் ஒருநாள் அந்தப் பாதை திறந்தால், இன்டரப்ட் நிலை தவறாக மீட்கப்பட்டு, எங்கோ தொடர்பில்லாத இடத்தில் இயந்திரம் தொங்கும். சரியான வழி ஃபங்ஷனை இரண்டாகப் பிரிப்பது: லாக் பிடித்திருப்பதாக எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் செய்யும் உள் ஃபங்ஷன் ஒன்று, லாக் எடுத்து அதை அழைத்து விடுவிக்கும் மேல் ஃபங்ஷன் ஒன்று. ஏற்கெனவே லாக் வைத்திருப்பவர்கள் உள்ளதை நேராக அழைக்கட்டும். வரிகள் அதிகமாகாது, கோடும் தெளிவாகும். இதே மாற்றம் ஸ்பார்ஸின் "கான்டெக்ஸ்ட் இம்பேலன்ஸ்" புகாரையும் (லாக் எடுப்பதும் விடுவதும் பொருந்தவில்லை என்பது) கூடவே தீர்த்துவிடும். ஒரு திருத்தத்தில் இரண்டு கருவிகள் அடங்கினால் கோடில் உண்மையிலேயே ஏதோ சிக்கல் இருந்தது என்று பொருள். பொய் வார்னிங் என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு இந்த வகை.

அடுத்தது பாயின்டரில் பிழை எண்ணைச் சுமந்துவரும் கர்னல் வழக்கத்தால் வருவது. உள் ஃபங்ஷன் ஒரு பாயின்டரை வாங்கி, ஐஎஸ்_எர்ர் என்றால் பிடிஆர்_எர்ர் மதிப்பைத் திருப்புகிறது. இல்லாவிட்டால் வெளியீட்டு மாறியை நிரப்பி 0 திருப்புகிறது. அழைத்தவர் திரும்பிவந்த மதிப்பு பூஜ்யமா என்று பார்த்துவிட்டு அந்த மாறியைப் பயன்படுத்துகிறார். இரண்டும் இன்லைன் ஆனதும் ஜிசிசி குழம்புகிறது. ஐஎஸ்_எர்ர் உண்மை என்றால் பிடிஆர்_எர்ர் பூஜ்யமாக இருக்கவே முடியாது என்பது நமக்குத் தெரியும். 64 பிட் லாங் மதிப்பு 32 பிட் இன்ட்டாகச் சுருக்கப்படும் இடத்தில் கம்பைலருக்கு அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. தீர்வு: பிடிஆர்_எர்ர்_ஆர்_ஜீரோ மதிப்பை ரெட் மாறியில் வாங்கி, அந்த ரெட்டையே சோதித்துத் திரும்புங்கள். சோதிக்கும் மதிப்பும் திருப்பும் மதிப்பும் ஒன்றாகிவிடுவதால் ஜிசிசியின் கணக்கு நேராகிவிடும். உருவாகும் இயந்திரக் கோடும் பெரும்பாலும் சற்றுச் சுருங்கும்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு. பொய் போலவே தோன்றும், ஆனால் மெய். சிப்பின் ரெஜிஸ்டரைப் படிக்க ரெக்மேப் என்ற கர்னல் வசதியின் ரெக்மேப்_ரீட் ஃபங்ஷனை அழைத்து வால் மாறியின் முகவரியைக் கொடுக்கிறீர்கள், திரும்பிவரும் பிழை எண்ணைப் பார்க்காமல் வாலைப் பயன்படுத்துகிறீர்கள். சாதாரணக் கட்டுமானத்தில் ஜிசிசி வாய் திறக்காது, ஏனென்றால் வெளி ஃபங்ஷன் அந்த முகவரியில் எழுதியிருக்கும் என்று அது நம்புகிறது. கம்பைல் ஆகிறதா என்று மட்டும் பார்க்க உதவும் கம்பைல்_டெஸ்ட் கட்டமைப்பில் ரெக்மேப் அணைந்திருக்கும்போது, ரெக்மேப்_ரீட் என்பது ஹெடரில் உள்ள ஒரு வெற்று இன்லைன். அது வால் மாறியில் எதையும் எழுதாமல் மைனஸ் ஈஇன்வால் என்ற பிழை எண்ணைத் திருப்பும். உடனே வார்னிங் வருகிறது. "ரெக்மேப் இல்லாத இயந்திரத்தில் இந்த டிரைவரை யார் ஓட்டப்போகிறார்கள்" என்று கர்னலின் கட்டமைப்பு விதிகள் உள்ள கேகான்ஃபிக்கில் ஒரு டிபென்ட்ஸ் (சார்பு) வரி சேர்த்து மூடிவிடுவது வாடிக்கை. ஆனால் அந்த வெற்று ஃபங்ஷன் செய்வதும், ஐ2சி பஸ்ஸில் சிப் பதில் சொல்லாதபோது உண்மையான ஃபங்ஷன் செய்வதும் ஒன்றுதான்: வாலைத் தொடாமல் பிழையோடு திரும்புவது. கம்பைலர் தற்செயலாக உண்மையைச் சொல்லிவிட்டது. ரெட்டைச் சோதியுங்கள்; டிபென்ட்ஸ் வரி தேவையா என்பதைத் தனியாக யோசிக்கலாம்.

எழுத்துகளைப் பஃபரில் அமைக்கும் எஸ்என்பிரிண்ட்எஃப் தொடர்பான "ஃபார்மட்-டிரன்கேஷன்" டபிள்யூ=1-ல் வரும். எட்டு பைட் பஃபர், வடிவம் "சிஎச்" என்ற இரண்டு எழுத்தும் ஒரு முழு எண்ணும், எண் ஒரு லூப் மாறி, லூப்பின் எல்லை சிப் ஸ்ட்ரக்ட்டில் உள்ள ஒரு மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிப்பில் 16 சேனலுக்கு மேல் இல்லை என்பது டேட்டாஷீட்டில் இருக்கிறது. ஜிசிசி டேட்டாஷீட் படிப்பதில்லை. லூப் மாறி 0 முதல் 2147483646 வரை போகலாம் என்று எடுத்துக்கொண்டு பத்து இலக்கம் கணக்குப் போடுகிறது: 2 + 10 + முடிவுக் குறி 1, மொத்தம் 13 பைட். எட்டில் அடங்காது. மாறியை யு8 (எட்டு பிட் எண்) ஆக்கினால் மூன்று இலக்கத்துக்கு மேல் போகாது, 2 + 3 + 1 = 6, வார்னிங் இல்லை. சேனல் எண்ணிக்கை எப்படியும் யு8-ல் அடங்கும் என்றால் இதுவே நேர்மையான தீர்வு, ஏனென்றால் நமக்குத் தெரிந்த எல்லையை டைப்பிலேயே சொல்லிவிடுகிறோம். லூப்பின் எல்லையும் 255-க்குள் இருப்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். யு8 மாறி 256-ஐ எட்டவே எட்டாது, லூப் முடியவே முடியாது. பஃபர் ஸ்டாக்கில் இல்லாமல் டிவைஸோடு வாழவேண்டிய பெயர் என்றால் டெவ்எம்_கேஏஎஸ்பிரிண்ட்எஃப்புக்கு மாறிவிடலாம். திரும்பி வருவது நல் (எதையும் சுட்டாத வெற்று) பாயின்டரா என்று பார்க்க மறக்கக்கூடாது. எஸ்சிஎன்பிரிண்ட்எஃப்புக்கு மாற்றி வார்னிங்கைப் போக்குவது வெறும் ஏமாற்று. அந்த ஃபங்ஷனை ஜிசிசி உள்ளே பார்ப்பதில்லை என்பதால்தான் அமைதி; பெயர் வெட்டுப்படுவது வெட்டுப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அணி எல்லை வார்னிங்குகளில் ஜிசிசியின் பெயர் கெட்டது 12-வது பதிப்பில். பொய்கள் மிகுந்ததால் அந்தப் பதிப்புக்கு "அர்ரே-பவுண்ட்ஸ்" வார்னிங்கைக் கர்னலே அணைத்துவைத்தது. நிலையான முகவரியிலிருந்து நேராக மெம்காப்பி செய்யும் பழைய தளங்களின் டிரைவர்களில், ஜிசிசி 11 முதல் "0 அளவுள்ள பகுதியிலிருந்து படிக்கிறாய்" என்ற புகார் வரும். அதற்கென்றே 2021-ல், 5.15 பதிப்பில், அப்சல்யூட்_பாயின்டர் என்ற மேக்ரோ வந்தது. முகவரியை அதில் சுற்றினால் போதும். ஐஓரீமேப் வழியே போகும் இன்றைய டிரைவர்களுக்கு இது பெரும்பாலும் எதிர்ப்படாது.

எதிர்ப்படுவது வேறு: ஸ்ட்ரக்ட்டின் கடைசியில் "டேட்டா[1]" என்று எழுதி, நீளமான அணியாகப் பயன்படுத்தும் பழைய பழக்கம். 6.5 பதிப்பிலிருந்து கர்னல், ஆதரிக்கும் கம்பைலர்களில் கண்டிப்பான ஃப்ளெக்ஸ் அணி விதியோடு கட்டப்படுகிறது. ஒன்று என்று எழுதினால் ஒன்றுதான். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. வெற்று அடைப்புக்கு, அதாவது "டேட்டா[]" என்று மாற்றிவிட்டு, நினைவகம் ஒதுக்கும் இடத்தில் ஸ்ட்ரக்ட்_சைஸ் பயன்படுத்துங்கள். சறுக்குவது இங்கேதான்: முன்பு சைஸ்ஆஃப் மதிப்பில் அந்த ஓர் உறுப்பும் சேர்ந்திருந்தது. மாற்றிய பின் சேராது. "சைஸ்ஆஃப் + என் - 1" என்ற பழைய கணக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஓர் உறுப்பு குறையும். ஃபர்ம்வேருக்கு அனுப்பும் செய்தியின் நீளம் அப்படிக் கணக்கிடப்பட்டிருந்தால், கம்பைல் சுத்தமாக ஆகும், சாதனம் மட்டும் செய்தியை நிராகரிக்கும். மாற்றுவதற்கு முன் அந்த ஸ்ட்ரக்ட்டின் பெயர் வரும் சைஸ்ஆஃப் அத்தனையையும் தேடிப் பாருங்கள். ஒரே மெம்செட்டால் அடுத்தடுத்த உறுப்புகளைத் துடைக்கும் இடங்களுக்கு 5.16-ல் வந்த ஸ்ட்ரக்ட்_குரூப் இருக்கிறது. உறுப்புகளின் இடம் மாறாமல் குழுவுக்கு ஒரு பெயர் கிடைக்கும்.

கிளாங்

எல்எல்விஎம்=1 என்று மேக் கட்டளையில் சேர்த்தால் கர்னல் முழுவதும் கிளாங்கில் கட்டப்படும். துவக்கப்படாத மாறிகளுக்கு இது ஆப்டிமைசேஷனுக்கு முன்பே, மூலக் கோடின் ஓட்ட வரைபடத்தைப் பார்த்துப் பேசுகிறது. அதனால் நிலையானது: கட்டமைப்பை மாற்றினாலும் அதே கோடுக்கு அதே பதில். "சம்டைம்ஸ்-அன்இனிஷியலைஸ்டு" வார்னிங் எந்த நிபந்தனை எந்தப் பக்கம் போனால் சிக்கல் என்பதையும் வரி எண்ணோடு காட்டும். கோடு எழுதும் வேகத்திலேயே கூடவே ஓட்டத் தகுந்தது இதுதான். விலை என்னவென்றால், ஒரு மாறியின் முகவரியை எந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலும் அது நிரம்பிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ரெக்மேப் பிழையைக் கிளாங் ஒருபோதும் பிடிக்காது.

ஈனம் (பெயரிட்ட எண்களின் டைப்) மேல் ஸ்விட்ச் போடும் இடத்தில் இரண்டு கம்பைலர்களின் குணமும் அழகாகப் பிரியும். ஈனத்தின் எல்லா மதிப்புகளுக்கும் கேஸ் இருந்தால் கிளாங் திருப்தி அடைகிறது. ஈனம் அடியில் ஒரு முழு எண்தான், வேறு மதிப்பும் வரலாம் என்று ஜிசிசி சந்தேகிக்கிறது. இதைப் பொய் என்று ஒதுக்குவதற்கு முன் அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு பிட் உள்ள ரெஜிஸ்டர் புலத்தை ஃபீல்டு_கெட் மூலம் எடுத்து, மூன்று பெயர் மட்டும் உள்ள ஈனமாகக் காஸ்ட் செய்தால், நான்காவது "ரிசர்வ்டு" மதிப்பைச் சிலிக்கான் எப்போது வேண்டுமானாலும் தரலாம். அங்கே ஜிசிசிதான் சரி. "டிஃபால்ட்" சேர்ப்பது கைக்கு வரும் முதல் தீர்வு, ஆனால் அதைச் சேர்த்தால் நாளை ஈனத்தில் புதிய பெயர் வரும்போது "இந்தக் கேஸை விட்டுவிட்டாய்" என்று சொல்லும் வார்னிங்கும் போய்விடும். ஸ்விட்ச்சைச் சிறு ஃபங்ஷனாகப் பிரித்து, ஒவ்வொரு கேஸும் நேராகத் திரும்பட்டும். ஸ்விட்ச்சுக்குக் கீழே பிழை எண்ணோடு ஒரு ரிட்டர்ன். இரு கம்பைலர்களும் அடங்கும், காவலும் போகாது.

கிளாங் மட்டும் சொல்லும் இன்னொன்று, மேட்ச் டேட்டாவை (எந்தச் சிப் என்று டிரைவருக்குச் சொல்லும் பாயின்டர்) ஈனமாக மாற்றும்போது வரும் "வாய்டு-பாயின்டர்-டு-ஈனம்-காஸ்ட்". பாயின்டர் 64 பிட், ஈனம் 32 பிட், மேல் பாதி வெட்டுப்படும் என்கிறது. நாம் போட்டதே 1, 2 என்ற சிறு எண்கள்தான் என்பதால் இது சுத்தமான பொய். யுஇன்ட்பிடிஆர்_டி-க்குக் காஸ்ட் செய்தால் முடிந்தது. இருந்தாலும் ஒரு யோசனை: அந்த எண்ணை வைத்துக்கொண்டு டிரைவர் முழுக்க "இது எந்தச் சிப்" என்று இஃப் போட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு தகவல் ஸ்ட்ரக்ட் வைத்து அதன் பாயின்டரையே மேட்ச் டேட்டாவாகக் கொடுப்பது நல்லது. காஸ்ட்டே தேவைப்படாது.

பொய்யென்று ஒதுக்கவே கூடாத ஒன்றும் உண்டு. டிரைவரைக் கழற்றும்போது செய்யவேண்டியதைப் பதிவுசெய்யும் டெவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட்டுக்கு கிளாக்கை அணைக்கும் ஃபங்ஷனை நேராகக் கொடுத்து, டைப் பொருந்தவில்லை என்பதற்காக ஃபங்ஷன் பாயின்டர் காஸ்ட் போடும் பழக்கம் பல டிரைவர்களில் இருந்தது. எல்லா ஏபிஐ-யிலும் (இயந்திர அளவிலான அழைப்பு மரபு) கொடுப்பது ஒரே ஒரு பாயின்டர்தானே, ஓடத்தானே செய்கிறது என்பது வாதம். கிளாங் 16-ன் கண்டிப்பான ஃபங்ஷன் காஸ்ட் வார்னிங் இதைக் காட்டிக்கொடுக்கிறது. 6.1 பதிப்பில் வந்த கேசிஎஃப்ஐ பாதுகாப்பை இயக்கிய கர்னலில், அழைக்கும் இடத்தின் டைப்பும் ஃபங்ஷனின் டைப்பும் பொருந்தாவிட்டால் ஓடும் நேரத்திலேயே கர்னல் நிற்கும். அதுவும் டிரைவரைக் கழற்றும்போதுதான் நிற்கும் என்பதால் சோதனையில் தப்பிவிடும். வாய்டு பாயின்டர் வாங்கி உள்ளே கிளாக் ஃபங்ஷனை அழைக்கும் நான்கு வரி உறை ஃபங்ஷன் எழுதுங்கள். கிளாக்குக்கு மட்டும் என்றால் டெவ்எம்_கிளாக்_கெட்_எனேபிள்டு இருக்கிறது, உறைகூட வேண்டாம்.

பயன்படாத டேபிள்கள், பயன்படாத ஃபங்ஷன்கள்

இது இரண்டு கம்பைலர்களுக்கும் பொது. டபிள்யூ=1-ல் கட்டினால் "டேபிள் வரையறுக்கப்பட்டது, பயன்படவில்லை" என்று ஓஎஃப் மேட்ச் டேபிளை (டிரைவர் எந்தச் சாதனங்களுக்கு என்ற பட்டியல்) காட்டும். எல்லாக் கட்டமைப்பிலும் வராது. டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருளை விவரிக்கும் தரவு) ஆதரவு அணைந்திருக்கவேண்டும், டிரைவர் மாட்யூலாக இல்லாமல் உள்ளேயே கட்டப்படவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வரும். காரணம் இதுதான்: ஓஎஃப்_மேட்ச்_பிடிஆர் மேக்ரோ அப்போது நல்லாக மாறிவிடுகிறது, மாட்யூல்_டிவைஸ்_டேபிள் மேக்ரோ, 6.18-க்கு முந்தைய பதிப்புகளில், உள்கட்டப்பட்ட டிரைவரில் ஒன்றுமில்லாமல் கரைந்துவிடுகிறது. டேபிளைத் தொட ஆளில்லை. மேபி_அன்யூஸ்டு பண்பு ஒட்டலாம், இஃப்டெஃப் சுற்றலாம். சிறந்தது ஓஎஃப்_மேட்ச்_பிடிஆரை எடுத்துவிட்டு டேபிளை நேராகக் கொடுப்பது. சில நூறு பைட் கூடும். பதிலுக்கு, டிவைஸ் ட்ரீக்குப் பதில் ஏசிபிஐ பயன்படுத்தும் இயந்திரங்களில் பிஆர்பி0001 என்ற சாதன அடையாளம் வழியாகவும் அதே டேபிள் பயன்படும்.

சஸ்பெண்ட், ரெஸ்யூம் ஃபங்ஷன்களில் இதே கதை நீண்டகாலம் ஓடியது. முதலில் இஃப்டெஃப், அதில் ஏதாவது ஒரு சேர்க்கை விட்டுப்போய் வார்னிங். பிறகு மேபி_அன்யூஸ்டு. 5.17 பதிப்பில் வந்த டிஃபைன்_சிம்பிள்_டெவ்_பிஎம்_ஆப்ஸ் மேக்ரோவும் பிஎம்_ஸ்லீப்_பிடிஆர் மேக்ரோவும் இதை ஒழுங்காக முடித்துவைத்தன. ஃபங்ஷன் எப்போதும் கம்பைல் ஆகும், கம்பைலர் கண்ணுக்கு அது பயன்பட்டதாகவே தெரியும், பவர் மேலாண்மை அணைந்திருந்தால் ஆப்டிமைசர் தூக்கி எறியும். பழைய டிரைவரில் இஃப்டெஃப்பைக் கண்டால் யோசிக்காமல் இதற்கு மாற்றலாம்.

ஸ்பார்ஸ்

2003-ல் லினஸ் எழுதத் தொடங்கியது. சி=1 கொடுத்தால் புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டும் பார்க்கும், சி=2 என்றால் எல்லாவற்றையும். கோப்பு மாறாமல் சி=1 கொடுத்துவிட்டு "ஸ்பார்ஸ் சுத்தம்" என்று அறிவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டிரைவருக்கு இதன் மதிப்பு இரண்டே விஷயத்தில்: ஐஓமெம் பாயின்டரும் (சாதன ரெஜிஸ்டர்களின் முகவரி) எண்டியன் டைப்களும் (பைட் வரிசையைச் சொல்பவை). இந்த இரண்டிலும் பொய் சொல்வது அபூர்வம். "ரெஸ்ட்ரிக்டட் எல்இ32 முழு எண்ணாகத் தேய்கிறது" என்ற புகாரை ஃபோர்ஸ் காஸ்ட் போட்டு அடக்குவது, புகை வரும்போது அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது போல. சாதனத்தோடு பகிரும் டிஎம்ஏ டிஸ்கிரிப்டர் என்றால் ஸ்ட்ரக்ட்டிலேயே எல்இ32 என்று அறிவித்து, படிக்கும் இடத்தில் எல்இ32_டு_சிபியு போடவேண்டும். ரெஜிஸ்டர் என்றால் எதுவும் போடவேண்டியதில்லை. ரீட்எல் திருப்பும்போதே சிபியுவின் பைட் வரிசைக்கு மாற்றித்தான் தருகிறது. அதன்மேல் மறுபடி மாற்றினால் பிக் எண்டியன் இயந்திரத்தில் இரண்டு முறை புரண்டுவிடும். ரெஜிஸ்டரில் உள்ள நான்கு பைட்டையும் மேக் முகவரி போல வெறும் பைட் வரிசையாக எடுக்கவேண்டிய அரிய இடத்தில் மட்டுமே ஃபோர்ஸ் நியாயம். அங்கே ஏன் என்று ஒரு வரி கமென்ட் இருக்கட்டும்.

லாக் சமநிலை வார்னிங்கில் மட்டும் ஸ்பார்ஸ் தயங்காமல் பொய் சொல்லும். நிபந்தனையோடு லாக் எடுக்கும் எந்தக் கோடும் அதற்குப் புரியாது. பிரித்து எழுத முடிந்தால் எழுதுங்கள். லாக்கோடு உள்ளே வந்து லாக்கில்லாமல் வெளியேறுவது வேண்டுமென்றே செய்ததென்றால் அதற்குரிய அக்வயர்ஸ், ரிலீசஸ் குறிப்புகளைச் சேருங்கள். இரண்டும் ஆகாதென்றால் விட்டுவிடுங்கள். இந்த ஒரு வார்னிங்குக்காகக் கோடை வளைக்கத் தேவையில்லை.

ஸ்மாட்ச்

டான் கார்பென்டரின் ஸ்மாட்ச், ஸ்பார்ஸின் பார்சர்மேல் கட்டப்பட்டது. நான்கில் அதிக உண்மைப் பிழைகளை டிரைவரில் கண்டுபிடிப்பது இது. கூடவே மனிதர் உட்கார்ந்து படிக்கவேண்டிய சந்தேகங்களையும் அதிகம் தருவது இதுவே. மேக் கட்டளையில் செக் மாறிக்கு ஸ்மாட்ச்சின் பாதையும் "பி=கர்னல்" தேர்வும் கொடுத்து சி=1 போடலாம், அல்லது அதனுடன் வரும் கேசெக்கர் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரே கோப்பைக் கொடுக்கலாம். முழுப் பலன் வேண்டுமானால் முதலில் கர்னல் முழுவதற்குமான தரவுத்தளத்தைக் கட்டவேண்டும். மணிக்கணக்கில் ஓடும். அது இல்லாமல் ஓட்டினால் பிற கோப்பிலுள்ள ஃபங்ஷன் என்ன திருப்பும் என்று தெரியாமல் ஊகிக்கும், பொய்கள் பெருகும். தரவுத்தளம் கட்டாமல் ஸ்மாட்ச்சைக் குறை சொல்வது நியாயமில்லை.

"முன்பு நல்லாக இருக்கலாம் என்று சோதித்தாய், இங்கே சோதிக்கவில்லை" என்பது இதன் அடையாள வார்னிங். பெரும்பாலும் பிழை இரண்டாவது வரியில் இல்லை, முதல் வரியில்தான். அந்தப் பாயின்டர் நல்லாக வரவே முடியாது என்றால் தேவையில்லாத அந்தச் சோதனையை நீக்குங்கள்; புதிதாக ஒரு சோதனையைச் சேர்க்கவேண்டாம்.

லூப் ஒருமுறைகூட ஓடாமல் போகலாம் என்று கருதி "ரெட் துவக்கப்படவில்லை" என்பது இன்னொன்று. டிவைஸ் ட்ரீயின் குழந்தை நோடுகள்மேல் ஓடும் லூப்பில் இது பொய்யில்லை. டிவைஸ் ட்ரீயில் குழந்தை நோடே இல்லாத போர்டு ஒன்று வந்தால் சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ப்ரோப் ஃபங்ஷன் குப்பை மதிப்பைத் திருப்பும். முதலில் திட்டிய "= 0" இங்கே சரியான பதிலாக இருக்கலாம், மைனஸ் ஈநோடெவ் சரியான பதிலாகவும் இருக்கலாம். குழந்தை இல்லாத சாதனம் செல்லுமா செல்லாதா என்று பைண்டிங் ஆவணத்தை (அந்தச் சாதனத்துக்கான டிவைஸ் ட்ரீ விதிகள்) பார்த்து முடிவெடுத்து எழுதும் 0 வேறு, வாயடைக்க எழுதும் 0 வேறு. பழைய கர்னல்களில் இருந்த அன்இனிஷியலைஸ்டு_வார் மேக்ரோ இரண்டாவது வகையின் உச்சம்: எக்ஸ் = எக்ஸ் என்று தன்னையே தனக்கு ஒதுக்கி வார்னிங்கை மறைத்தது. உண்மைப் பிழைகளையும் சேர்த்து மறைத்ததால் 2020-ல் 5.9 பதிப்பில் கர்னல் முழுவதிலிருந்தும் அது நீக்கப்பட்டது. வெண்டர் தரும் பழைய டிரைவரை மேலே கொண்டுவரும்போது இதைப் பார்ப்பீர்கள். வெறுமனே அழித்துவிட்டுக் கட்டிப் பாருங்கள்; வார்னிங் திரும்பி வராத இடங்களே அதிகம்.

அணைத்தே ஆகவேண்டும் என்றால்

சில பொய்கள் எப்படி எழுதினாலும் போகாது. அப்போது அணைப்பின் எல்லை எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது. ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் என்றால் டயாக்_புஷ், டயாக்_இக்னோர், டயாக்_பாப் மேக்ரோக்கள் உண்டு. கம்பைலர் பெயர், பதிப்பு, வார்னிங் பெயர், காரணம் நான்கையும் இக்னோர் மேக்ரோவே கேட்கும். ஆப்டிமைசேஷனுக்குப் பின் பிறக்கும் ஜிசிசி வார்னிங்குகளில் இது எப்போதும் பலிக்காது. இன்லைன் ஆன ஃபங்ஷன் என்றால் வார்னிங் நீங்கள் சுற்றிய வரிகளுக்கு வெளியே பதிவாகலாம். அப்போது மேக்ஃபைலில் அந்த ஒரே ஆப்ஜெக்ட் கோப்புக்கான சிஃபிளாக்ஸ் வரி. அடைவு முழுவதற்குமான சிசிஃபிளாக்ஸ்-ஒய் கடைசிப் புகலிடம்.

ஒரு பொறி: தெரியாத "டபிள்யூநோ" தேர்வை ஜிசிசி சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், வேறு ஏதாவது வார்னிங் வரும்போது மட்டும் முனகும். எழுத்துப்பிழையோடு எழுதிய தேர்வு எதையும் அணைக்காமல் மேக்ஃபைலில் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். கிளாங் உடனே சொல்லிவிடும். கர்னலின் சிசி-டிஸேபிள்-வார்னிங் உதவியைப் பயன்படுத்தினால் அது நேர்மறைத் தேர்வை வைத்துச் சோதிப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபிரேம் அளவு (ஒரு ஃபங்ஷன் ஸ்டாக்கில் எடுக்கும் இடம்) வார்னிங்கை மட்டும் எல்லையை உயர்த்தி அணைக்காதீர்கள். இயல்பான எல்லை 32 பிட்டில் 1024, 64 பிட்டில் 2048 பைட். கேசானோடு மட்டும் வருகிறது என்றால் ஸ்டாக்கில் பெரிய ஸ்ட்ரக்ட் வைத்திருக்கும் உள் ஃபங்ஷனை நோஇன்லைன்_ஃபார்_ஸ்டாக் என்று குறித்தால் பெரும்பாலும் தீரும். ஸ்டாக் பயன்பாடு உண்மையில் குறைய வேண்டுமென்றால், அந்த ஃபங்ஷன் திரும்பிய பிறகே ஆழமான அழைப்புகள் நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்னிங், பேட்ச்களைத் தானாகக் கட்டிப் பார்க்கும் ரோபோவின் மின்னஞ்சலில் வந்திருந்தால், அதிலுள்ள கட்டமைப்புக் கோப்பையும் அதே கம்பைலர் பதிப்பையும் எடுத்துத்தான் சரிபார்க்கவேண்டும். உங்கள் கணினியில் உள்ள பதிப்பில் வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. பல பதிப்புகளின் ஆயத்த ஜிசிசி, எல்எல்விஎம் தொகுப்புகள் கர்னல்.ஆர்க் தளத்திலேயே கிடைக்கின்றன. கட்டமைப்பைப் போட்டு, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக், பிறகு அந்த ஒரு ஆப்ஜெக்ட்டை மட்டும் டபிள்யூ=1 உடன் கட்டினால் சில நொடியில் தெரிந்துவிடும். பேட்ச்சின் விளக்கத்தில் வார்னிங்கின் முழு வாசகம், கம்பைலர் பதிப்பு, எந்தக் கட்டமைப்பில் வந்தது, ஏன் அது பொய் என்பதை எழுதுங்கள். பொய்யை அடக்கும் பேட்ச்சில் ஃபிக்ஸஸ் குறி (எந்த மாற்றத்தின் பிழையைத் திருத்துகிறது என்பது) போடாமல் இருப்பதே மேல். போட்டால் நிலைப்பதிப்புக் கர்னல்களுக்குத் தேவையில்லாமல் அது இழுத்துச் செல்லப்படும்.